வேலை எங்கே நிற்கிறது?

நேர்காணலில் "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால் பலர் சொல்வது, "எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்யாமல் விடமாட்டேன்." மாறுவேடம் போட்ட தற்பெருமை! நிறுவனங்களும் இப்படித்தான். கூட்டம் போட்டுக் குறைகளைக் கேட்டால் "ஆள் போதாது", "விளம்பரம் போதாது" என்றுதான் வரும். யார் மனமும் நோகாத குறைகள்.

கணக்குப் பிரிவு ஆளான நான் அதனால் குறை எது என்று கேட்பதில்லை. வேலை எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன்.

ஒரு நிறுவனத்தில் ஆர்டர் குவிந்தது, கையில் ரொக்கம் இல்லை. வசூல் செய்பவர்கள் சரியில்லை என்றார் முதலாளி. டொயோட்டாவில் ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்பார்கள். அதையே செய்து பார்த்தோம். வசூல் ஏன் தாமதம்? இன்வாய்ஸ் தாமதமாகப் போகிறது. ஏன்? விலை உறுதியாகவில்லை. ஏன்? தள்ளுபடியை முதலாளி போனிலேயே பேசி முடித்துவிடுகிறார், எங்கும் எழுதுவதில்லை. ஏன்? வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஐந்தாவது 'ஏன்' கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை; தேவையும் இருக்கவில்லை.

அவர் சுபாவத்தை மாற்ற நாங்கள் மெனக்கெடவில்லை. எந்த அளவு ஆர்டருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று அட்டவணை போட்டோம். அதைத் தாண்டினால் கணக்குப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். "நான் தந்துவிடுவேன் சார், கணக்குப் பிரிவில்தான் விடமாட்டார்கள்" என்று சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைத்தது. கெட்ட பெயர் எனக்கு, ரொக்கம் அவருக்கு. பரவாயில்லை.

எல்லாக் குறையையும் சரிசெய்யக் கிளம்புவது வீண் வேலை என்றே நினைக்கிறேன். மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது மிகக் குறுகலான இடம்தான் என்று 1980-களில் மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் வலியுறுத்தினார். பேக்கிங்கில் சரக்கு தேங்கும்போது விற்பனைக்கு ஆள் எடுத்தால் தேக்கம்தான் கூடும். தனி மனிதருக்கும் இதே கணக்கு. மேடைப் பேச்சு வரவில்லை என்று ஒருவர் பயிற்சி வகுப்புக்குப் போகிறார். அவர் பதில் போடாத மின்னஞ்சலுக்காக மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அது அவருக்குத் தெரியாது. உளவியலாளர்கள் ஜோசப் லுஃப்டும் ஹாரிங்டன் இங்கமும் 1955-இல் வரைந்த 'ஜோஹாரி ஜன்னல்' என்ற நான்கு கட்டப் படத்தில் ஒரு கட்டம் இதற்கென்றே உண்டு: மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவை. அதைக் கேட்டு வாங்குவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "என்னிடம் என்ன குறை?" என்றால், "ஒன்றும் இல்லை சார்" என்பார்கள். "என்னால் உங்கள் வேலை எங்கே நிற்கிறது?" என்று கேட்டால் பேச்சு வரும். ஒரு மேலாளர் அப்படிக் கேட்டபோது புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாதக் கடைசியில் கேட்கும் அந்த அறிக்கைக்கு ரெண்டு நாள் போகிறது சார். யார் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை." அடுத்த மாதம் அதை அனுப்பாமல் விட்டுப் பார்த்தார்கள். யாரும் தேடவில்லை.