நாலாவது சீட்டுக்கு முதலில் யார்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வியாசர்பாடி பசங்களின் செவன்ஸ் (களத்தில் அணிக்கு ஏழு பேர்) கால்பந்துப் போட்டிக்கு ஆள் பிரிக்கிறோம். மொத்தம் 40 பேர், 4 அணி. கேப்டன்கள் முறை வைத்து ஒவ்வொரு ஆளாக எடுப்பார்கள். சீட்டு குலுக்கிப் போட்டதில் கேப்டனான என் சித்தி மகனுக்கு நாலாவது சீட்டு விழுந்தது. முகம் தொங்கிப்போய்விட்டது அவனுக்கு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஒவ்வொரு சுற்றும் வரிசை தலைகீழாகத் திரும்புவதால் 4-வது, 5-வது ஆள் இரண்டும் அடுத்தடுத்து நமக்கு. அப்புறம் 12 வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் அந்த இரண்டு பேர் யார் என்பதுதான் பேச்சே.

நேற்று ராத்திரி டீக்கடையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அண்ணா, மொதல்ல ஃபார்வர்டு!" பெயர் கொடுத்த 40 பேரில் 15 பேர் ஃபார்வர்டு, முன்னால் நின்று கோல் அடிக்கிறவர்கள். 12-வது ஆளாக எடுத்தாலும் நல்லவன் ஒருவன் மிச்சம் இருப்பான். ஆனால் கீப்பர் என்று பெயர் கொடுத்தது 3 பேர்தான். 4 அணிக்கு 3 கீப்பர்! மற்ற கேப்டன்கள் முதல் சுற்றில் ஃபார்வர்டு பின்னால்தான் ஓடுவார்கள். நாமும் ஓடினால், 12 வருவதற்குள் கீப்பர் ஒருவரும் இருக்க மாட்டார்.

போன வருடம் அதைத்தான் செய்தோம். கோலில் ஒரு ஃபார்வர்டை நிறுத்தினோம். அரையிறுதியில் மழைச் சேற்றில் உருண்டு வந்த சாதாரணப் பந்து. குனிந்து கையால் அள்ள வேண்டியதை, பழக்க தோஷத்தில் காலை நீட்டினான். பந்து பாதத்துக்கும் சேற்றுக்கும் நடுவே வழுக்கி உள்ளே போனது. அந்த ஒரு கோலில் வெளியேறினோம். அவன் மேல் தப்பே இல்லை, தப்பு எங்கள் தேர்வில்.

இரண்டாவது பெயர் இடது கால் பையன். ஹவுசிங் போர்டு சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டு, சாயங்காலம் முழுக்க இடது காலாலேயே அடித்துக்கொண்டிருப்பான். இடது பக்கம் வலது கால்காரனை நிறுத்தினால் பந்தை உள்ளே திருப்பித்தான் அடிப்பான், அந்த ஓரமே வீண்.

பெரிய இடத்திலும் இதே கணக்குதான். 2017 ஜூலையில் மும்பையில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) டிராஃப்ட் நடந்தது, அணிகள் முறை வைத்து ஆள் எடுப்பது. அதில் முதல் வாய்ப்பு ஜாம்ஷெட்பூர் அணிக்கு. அவர்கள் எடுத்தது அனஸ் எடத்தொடிகா என்கிற ஸ்டாப்பரை (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பு ஆட்டக்காரர்), 1.10 கோடி ரூபாய்க்கு. அந்த சீசன் கோப்பை நம்ம சென்னையின் எஃப்சிக்கு. 2018 மார்ச் 17, பெங்களூரில் நடந்த இறுதிப் போட்டியில் 3-2. அதில் இரண்டு கோல் மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டியது. அவரும் ஸ்டாப்பர்தான். பிரேசில்காரர், டிராஃப்டில் வந்தவர் இல்லை. டிராஃப்டில் இந்திய வீரர்கள் மட்டும்தான். ஆனால் அவருக்கு முன்னால் நின்று பந்தை மறித்துக்கொண்டிருந்தது நம்ம வியாசர்பாடி தன்பால் கணேஷ். கோல் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. அன்றைக்கு நான் கண்ணெடுக்காமல் பார்த்தது அவரைத்தான்.

"நல்ல ஃபார்வர்டு வேற டீமுக்குப் போயிட்டா?" என்று தம்பி கேட்டான். போகட்டும் என்றேன். அரை மனதோடுதான் பட்டியலைப் போனில் ஏற்றிக்கொண்டான்: 4 கீப்பர், 5 இடது கால்.

கீப்பர் பையனின் கிளவுஸ் உள்ளங்கையில் கிழிந்திருக்கிறதாம். என் பழைய ஜோடியைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருக்கிறேன். அவன் எந்த அணிக்குப் போனாலும் அது அவனுக்குத்தான்.