மழை ஊரில் சொட்டுநீர்: 40 பை குலாய் மிளகாய், இதுவரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அக்டோபர், நவம்பரில் மாலையானால் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு சொட்டுநீர் எதற்கு? உரம் ஊட்டத்தான். தூவிய உரத்தை ஒரே மழை கால்வாய்க்குக் கொண்டுபோய்விடும். பைகளுக்கு மேல் பிளாஸ்டிக் கூரையும் அதனால்தான். கூரை இல்லையென்றால் கீழே சொல்லும் கணக்கெல்லாம் வீண்.

குலாய் என்ற மிளகாய் ரகத்துக்கான அமைப்பு: 16 அங்குலப் பாலிபேக், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மேடைமேல் 200 லிட்டர் டிரம், 120 மெஷ் வடிகட்டி, 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய், பைக்கு ஒரு டிரிப்பர் (சொட்டுவிடும் முனை). குழாயில் வெளிச்சம் புகுந்தால் உரத்தண்ணீரில் பாசி பிடிக்கும், கறுப்பே வாங்குங்கள்.

டிரிப்பரில் '2 லிட்டர்' என்று போட்டிருப்பது 1 பார் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு. டிரம்மின் நீர்மட்டம் டிரிப்பருக்கு 1.5 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.15 பார்தான். சாதாரண டிரிப்பரில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். ஆக முக்கால் லிட்டர் சொச்சம். டிரம் காலியாகக் காலியாக இன்னும் குறையும். அழுத்தத்தைச் சமன்செய்யும் வகை டிரிப்பர் இந்த உயரத்துக்கு ஒத்துவராது. டைமரும் அப்படியே: மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு வகை பல இந்த அழுத்தத்தில் திறக்காது, பந்து வால்வு வகைதான் சரி. வரிசையின் முதல், கடைசி டிரிப்பருக்கடியில் கோப்பை வைத்து 6 நிமிடம் பிடித்து 10-ஆல் பெருக்கினால் மணிக்கணக்கு வந்துவிடும். இரண்டுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் என்றால் குழாய் மட்டத்தையோ அடைப்பையோ பாருங்கள்.

நடும் முன் கோகோபீட்டை, வடியும் தண்ணீரின் இசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm கணக்கில்) 0.5-க்கு இறங்கும்வரை அலசி, இசி 2 அளவுள்ள கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி அலசியாயிற்று. இதை விட்டால் முதலில் ஊற்றும் கால்சியத்தை நாரே பிடித்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது.

உரம் ஏ, பி என இரண்டு அடர்கரைசல். ஏ-யில் கால்சியம் நைட்ரேட், இரும்பு கீலேட். பி-யில் பொட்டாசியம் நைட்ரேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், நுண்ணூட்டம். டிரம்மில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, ஏ-யை ஊற்றிக் கலக்கி, பிறகுதான் பி. அடர்கரைசல் இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெள்ளையாகத் திரண்டு, டிரிப்பர் வாயில் மாவு மாதிரி உட்காரும். அதில் பாஸ்பேட் படிவு சிட்ரிக் அமிலத்தில் கரையும். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்த ஜிப்சம் மசியாது, டிரிப்பரைத் தூக்கிப் போடவேண்டியதுதான். செம்பனைக்குப் போடும் ராக் பாஸ்பேட்டைக் கரைத்து விடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது தண்ணீரில் கரையவே கரையாது.

நட்டவுடன் இசி 1.2 முதல் 1.5. செடி தழைக்கும்போது 1.8 முதல் 2. பூ வந்தபின் 2.2 முதல் 2.5. பிஎச் 6-ஐ ஒட்டி. தண்ணீர் ஆரம்பத்தில் நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 15 நிமிடம். பைக்கு நாளுக்கு 400 மில்லிக்குச் சற்றுக் குறைவாக வரும். காய்ப்பில் ஆறிலிருந்து எட்டுத் தடவை. மூடிய வானமென்றால் பாதி போதும்.

ஆனால் ஊற்றும் இசியைவிட வடியும் இசிதான் நிலவரம் சொல்லும். இரண்டு பைகளுக்கடியில் தட்டு வைத்து, வடிவதை அளந்துவருகிறோம். ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு வடியவேண்டும். வடிநீர் இசி ஊற்றியதைவிட 1-க்கு மேல் ஏறினால் பையில் உப்பு சேர்கிறது: உரத்தைப் பாதியாக்கி, வடிவது கூடும்படி தண்ணீர் விடவேண்டும். ஊற்றியதைவிடக் குறைந்தால் செடி பசியில் இருக்கிறது.

இப்போது காய்ப்பு தொடங்கியிருக்கிறது. சில காய்களின் நுனிப்பக்கம் வெளிறிக் குழிந்து, பிறகு கறுக்கிறது. கால்சியம் காய்க்குப் போய்ச்சேராததன் அடையாளம். உடனே ஏ-யைக் கூட்டினால் இசி ஏறி, வேர் தண்ணீர் இழுப்பது இன்னும் குறையும். இசியை 2-க்கு இறக்கி, அதே தண்ணீரைச் சின்னச் சின்னத் தடவைகளாகப் பிரித்து, தடவைகளுக்கு இடையில் பை காயாமல் பார்த்துக்கொண்டால் புதுக்காய் சுத்தமாக வரும். கெட்ட காய் தேறாது, கிள்ளிவிடுங்கள்.

இலை சுருண்டால் உரத்தைக் கூட்டுவது தப்பு, அது வேறு வியாதி. கொழுந்து இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பெரும்பாலும் இலைப்பேன் அல்லது சிலந்திப்பேன். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன்.