மொட்டைமாடித் தோட்டத்தில் வெயில் வரையும் படங்கள்

மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில், குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியோடு ஒரு மூலையில் பாகல், கொடிப்பசலை, சங்குப்பூ, கறிவேப்பிலை, புதினா ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். தளத்தில் ஈரம் இறங்கிவிடாதபடி செடிப்பைகளை இரும்புத் தாங்கிகளின் மேல் வைத்திருக்கிறேன். எடை கூடக்கூடாது என்பதற்காக மண்ணைக் குறைத்து, தென்னைநார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். சித்திரை, வைகாசி வெயிலில் இளஞ்செடிகள் கருகிவிடும் என்பதால் அவற்றுக்கு மேல் நிழல்வலை உண்டு. ஆனால் வலைக்கு வெளியே ஒரு மேசையை மட்டும் முழு வெயிலில் விட்டு வைத்திருக்கிறேன். என் படங்கள் உருவாகும் இடம் அதுதான்.

பழைய புகைப்படத்தின் சாயல் வேண்டுமென்றால் கைப்பேசிச் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்பார்கள். அது படத்தின் மேல் பூசப்படும் ஒரு மஞ்சள் மட்டுமே. பழைய முறையின் அழகு ஒளியும் தாளும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் முறைக்குக் கேமராவே தேவையில்லை. 100 மில்லி நீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லி நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு எனத் தனித்தனியாகக் கரைத்து, வேண்டும்போது சம அளவில் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தடித்த தாளில் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். அதன் மேல் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், புற ஊதாக் கதிர் பட்ட இடமெல்லாம் நீலமாகும். இலை மறைத்த இடம் நீரில் கழுவும்போது வெளுத்துவிடும். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இம்முறையில் கடற்பாசிகளைப் படமெடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். கட்டட வரைபடங்களும் நெடுங்காலம் இந்த நீலத்தில்தான் படியெடுக்கப்பட்டன.

எல்லா இலையும் ஒரே மாதிரி பதிவதில்லை. கறிவேப்பிலை ஒளியை முற்றிலும் தடுப்பதால் வெறும் வெள்ளை உருவமாக நிற்கும். பாகல் இலையோ மெல்லியது. புத்தகத்துக்குள் ஓரிரு நாள் அழுத்தி வைத்துப் பயன்படுத்தினால், வெட்டுப்பட்ட ஓரங்களும் காம்பிலிருந்து விரல்போலப் பிரியும் நரம்புகளும் வெளிர்நீலத்தில் தனித்தனியே தெரியும். அதன் பற்றுச்சுருளை இலைக்குப் பக்கத்தில் வைத்தால், தாளோடு ஒட்டிய வளைவு கூர்மையாகவும், சற்றுத் தூக்கி நின்ற வளைவு புகைபடிந்தாற்போல மங்கியும் விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் காரத்தன்மை உடையது. காரம் இந்த நீலத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் கழுவும் நீரில் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்க்கிறேன். கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றுவதில்லை.

நீலத்தைவிட எனக்கு நெருக்கமானது மஞ்சளில் எடுக்கும் படம். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டித் தாளில் பூசி உலர்த்தி, இலையை வைத்து வெயிலில் விட்டால், வெயில் பட்ட பகுதி வெளிறி, இலையின் உருவம் மஞ்சளாகவே நிற்கும். பிறகு வெங்காரம் (போராக்ஸ்) கரைத்த நீரைத் தடவினால், மீந்திருக்கும் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைத்தவர்களுக்கு இந்த மாற்றத்தை விளக்கவே வேண்டாம். பழைய ஆல்பங்களில் நாம் காணும் அந்தப் பழுப்பு, இங்கே சமையலறைப் பொருளிலிருந்து கிடைக்கிறது.

கொடிப்பசலையின் கறுத்த பழங்களைப் பிழிந்தெடுக்கும் ஊதாச் சாற்றிலும் இப்படிப் படம் எடுக்கலாம். ஆனால் அதற்கு நிமிடங்கள் போதாது, நாட்கள் வேண்டும்; பொறுமையும் வேண்டும். மேலும், தாவரச் சாற்றுப் படங்களை நிலைநிறுத்தும் வழி இல்லை. வெளிச்சத்தில் மாட்டினால் படத்தை உருவாக்கிய அதே ஒளி அதை மெல்ல அழித்துவிடும். ஆகவே அவற்றை உறையிலிட்டு அலமாரியில் வைத்து, வருவோருக்கு எடுத்துக் காட்டுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் சரியாக உலராது என்பதால் அம்மாதங்களில் பூச்சு வேலையை நிறுத்திவிடுகிறேன். புதிதாகத் தொடங்க விரும்புவோருக்கு நான் மஞ்சளையே பரிந்துரைப்பேன்: ஸ்பிரிட்டை அடுப்புக்கு அருகில் கொண்டு போகாமல் இருந்தால் போதும், ஒரு மாசி மாத நண்பகலில் முதல் படம் கைக்கு வந்துவிடும்.