சடாகோவின் ஆயிரம் கொக்குகள்

ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகியின் கதையை நேற்றிரவு என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. ஒன்பது ஆண்டுகள் ஓடியாடி வளர்ந்த பிறகு இரத்தப் புற்றுநோய் அவளைப் பற்றியது. 1955 அக்டோபர் 25 அன்று 12 வயதில் இறந்தாள்.

ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் வேண்டியது பலிக்கும் என்ற ஜப்பானிய நம்பிக்கையை ஒட்டி எலினோர் கோயர் 1977இல் எழுதிய சிறார் நூலில், 644 கொக்குகளோடு அவள் கை ஓய்ந்துவிடுகிறது. எஞ்சியவற்றை வகுப்புத் தோழர்கள் மடித்து முடிக்கிறார்கள். "இன்னும் 356 மடிச்சிருந்தா பிழைச்சிருப்பாளாப்பா?" என்று மகள் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏனெனில், அவள் ஆயிரத்தைக் கடந்தும் மடித்துக்கொண்டே இருந்தாள் என்றுதான் அவளுடைய குடும்பத்தாரும் ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சொல்கிறார்கள். தோழர்கள் நிறைவு செய்ததாகக் காட்டும் முடிவு குழந்தைகளுக்கு ஆறுதல் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதிர்வீச்சு செய்த கொலையை, எண்ணிக்கையில் நேர்ந்த குறைபோல அது காட்டிவிடுகிறது. நூல் நெடுக மற்ற இடங்களில் தெரியும் பரிவு உண்மையானது என்பதால் இந்த மாற்றம் கூடுதலாக உறுத்துகிறது.

மகளிடம் உண்மையைச் சொன்னேன். மருந்து சுற்றி வந்த தாள்களைக்கூட அவள் சேர்த்துவைத்து மடித்ததையும், விரல்களுக்கு அடங்காத அளவு சிறிய கொக்குகளுக்கு ஊசிமுனையால் மடிப்பு எடுத்ததையும் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்தவள், அந்தக் குட்டிக் கொக்குகளின் படத்தைக் காட்டச் சொன்னாள்.