ஒரு வரியும் மாற்றாமல் சதவீதம் குறைந்த கதை

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு ஒருவழியாக உள்ளே போய்விட்டது. எழுதியதும் நெறியாளர் திருத்தியதும் பெரிய கதையில்லை. உயிரை வாங்கியது கருத்துத் திருட்டுச் சோதனைதான்.

பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது பத்து சதவீதம் வரை என்றால் பிரச்சினை இல்லை. எனக்கு வந்தது 27. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். "சிஸ்டம் சொல்லுததத்தான் நாங்க தர முடியும் தம்பி, கொறச்சு எழுதிட்டு வாங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர், நிமிராமலே.

எதைக் குறைக்க? முழு அறிக்கையையும் கேட்டு வாங்கிப் புரட்டினேன். ஒத்துப்போகிறது என்று துணைநூற்பட்டியல் பூராவும் சிவப்பு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கட்டுப் பெயர்கள் வரிசையாக வந்த இடமெல்லாம் சிவப்பு. அதற்கும் மேலே ஒன்று: 1917ஆம் ஆண்டின் திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரிலிருந்து (மாவட்ட விவரத் தொகுப்பு) பக்க எண்ணோடு நான் காட்டிய மேற்கோளை, யாரோ ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து திருடியது என்றது அறிக்கை. அவரும் அதே கெசட்டியரைத்தான் எடுத்திருக்கிறார், மேற்கோள் குறியே போடாமல்!

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டு விதிமுறையை அச்செடுத்தேன். சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. தற்செயலாக ஒத்துப்போகும் சொற்கள் தொடர்ந்து 14 வரை இருந்தாலும் விலக்குதான். கோடு போட்டு எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறிப் போனால், சோதனை மென்பொருளின் பாஸ்வேர்டு வைத்திருக்கும் மேடம் லீவு.

அடுத்த முறை மேடம் இருந்தார். விதியைப் படித்துவிட்டு மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் விலக்கும் இரண்டு கட்டங்களில் டிக் போட்டார். எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. "பாத்தீங்களா, கொறச்சிட்டீங்கல்லா!" என்றார் கவுண்டர்காரர். முத்திரை விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனி ஆய்வேடு தரப்போகிறவர்களுக்கு: நீண்ட மேற்கோளை ஓரம் தள்ளி வைத்தால் மட்டும் போதாது. எங்கள் மென்பொருள் இரட்டைக் குறி இருந்தால்தான் விலக்கியது. கால்டுவெல் 1881இல் எழுதியதை இன்னொருவர் நூலில் பார்த்து எடுத்தால் அந்த இன்னொருவரையும் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஜங்ஷன் பக்கம் சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று கூப்பிடும் கடைகள் பக்கம் போகாதீர்கள். எனக்கு மாதிரிக்குச் செய்து காட்டிய பத்தியில் அணைக்கட்டெல்லாம் நீர்த்தேக்கமாகியிருந்தது. அடிக்குறிப்பு எண் ஒன்றைக்கூடக் காணோம்.