ஸ்கோப்பைத் தேடிப் போய் ஸ்லிங்கில் மாட்டிய கதை

தொடக்க நிலை ரைஃபிள் பயிற்சி வகுப்பில் பெயர் கொடுத்த அன்றே ஸ்கோப்புகளை, அதாவது துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். அதுதான் முதல் தப்பு. இரண்டு வார ராத்திரிகளில் எந்த லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் விடும் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. துப்பாக்கியை இன்னும் தொடக்கூட இல்லை.

வகுப்பிலிருந்து வந்த பட்டியல் சின்னதுதான். .22 ரிம்ஃபயர் (விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சின்னத் தோட்டா) ரைஃபிள், தோட்டா அடைக்கும் மேகசின் இரண்டு, ஸ்லிங் என்கிற துப்பாக்கி வார், கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு, தரையில் விரிக்க ஒரு பாய். குறிபார்க்கும் சைட் எதுவாகவும் இருக்கலாம், ஸ்லிங் கட்டாயம். சொந்தத் துப்பாக்கி இல்லாதவர்களுக்கு அவர்களே ஒன்று ஒதுக்குவார்கள். அதில் சைட்டையும் ஸ்லிங்கையும் நாம் பொருத்திக்கொள்ளலாம். நான் அந்த ரகம். ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்ற இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. ‘கட்டாயம்’ கண்ணில் படவே இல்லை.

.22 ஏன் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ரவையின், அதாவது குண்டின் எடை சுமார் 2.6 கிராம், தோளில் உதை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பெரிய துப்பாக்கியில் ஆரம்பித்தால், உதைக்குப் பயந்து டிரிகரை அழுத்துகிற நொடியில் கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைப் போக்க மாதக்கணக்கில் ஆகும். சத்தம் மட்டும் ஏமாற்றும். சின்ன வெடிதானே என்று காதைத் திறந்து வைத்துக்கொண்டு சுடக் கூடாது. நான் கொண்டுபோன பெரிய காது மூடியோ, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்ததும் இடித்து விலகிக்கொண்டது. கடைசியில் காதுக்குள் வைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான்தான் கைகொடுத்தது.

வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு, துப்பாக்கியைப் பார்த்துச் சைட் பொருத்திக்கொள்ள வரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளர் போல்ட் என்கிற பின்பக்க அடைப்பைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலி என்று எனக்குக் காட்டி, அதில் ஒரு பிளாஸ்டிக் கொடியைச் செருகிய பிறகுதான் கையில் கொடுத்தார். முதலில் அதிலேயே இருந்த சாதாரணத் திறந்த சைட்டைப் பார்த்தேன். பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு சின்னத் தூண், அதற்கப்பால் டார்கெட். மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். தெளிவாகத் தெரிய வேண்டியது முன் சைட், டார்கெட் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை என்றார். எனக்கு வயது 46. டார்கெட் பளிச்சென்று தெரிந்தது, முன் சைட்தான் கம்பளிப் பூச்சி மாதிரி இருந்தது. படிக்கும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அது புத்தகத் தூரத்துக்கானது. முன் சைட் அதைவிட இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது. இரண்டுமே மங்கிப்போயின.

பக்கத்தில் இருந்த ஒருவரின் துப்பாக்கியில் அபெர்ச்சர் சைட், அதாவது பின்னால் பள்ளத்துக்குப் பதில் ஒரு சின்னத் துளை. “துளையைப் பார்க்காதீங்க, துளை வழியா முன் சைட்டைப் பாருங்க சார்” என்றார் பயிற்சியாளர். பார்த்தால் முன் சைட்டும் தெளிவு, டார்கெட்டும் ஏறக்குறையத் தெளிவு! மந்திரம் ஒன்றும் இல்லை. விரலை மடக்கி ஊசித்துளை அளவு இடைவெளி விட்டுப் பார்த்தால், கண்ணாடி இல்லாமலே பொடி எழுத்துத் தெரியுமே, அதே சங்கதிதான். வட்டத்தின் நடுவைக் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்பது கூடுதல் வசதி. குறை என்றால் வெளிச்சம். மேகம் மூடியதும் துளைக்குள் இருட்டிவிட்டது.

எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் எனக்கு ஒதுக்கிய துப்பாக்கியில் அதை மாட்ட இடம் இல்லை. வயதுக்காரக் கண்ணுக்கு அடுத்த வழி ஸ்கோப். குறுக்குக் கோடும் டார்கெட்டும் ஒரே தளத்தில் தெரிவதால், தூரம் மாற்றி மாற்றிப் பார்க்கும் அவஸ்தை இல்லை.

இரவெல்லாம் படித்து நான் தேர்ந்தெடுத்தது 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப். மாட்டப் போனால் துப்பாக்கியின் மேல் இருந்தது 11 மில்லிமீட்டர் குறுகிய பள்ளம், ஸ்கோப்பைப் பிடித்துக்கொள்ள என்னிடம் இருந்த வளையங்கள் பிகாடினி ரயில் என்கிற, குறுக்கே வெட்டுகள் உள்ள அகலமான தண்டுக்கானவை. லென்ஸைப் பற்றி அவ்வளவு படித்தவன், அது எதன்மேல் உட்காரும் என்று பார்க்கவில்லை. பயிற்சியாளர் பெட்டியைக் குடைந்து சரியான வளையங்களை எடுத்துக் கொடுத்தார். மேஜை முன் நிமிர்ந்து உட்கார்ந்து, படம் முழுதாகத் தெரியும் இடத்தில் ஸ்கோப்பை வைத்து முடுக்கினேன். அப்புறம் பாயில் குப்புறப் படுத்துப் பார்த்தால் சுற்றிலும் கறுப்பு வளையம்! படுக்கும்போது தலை முன்னால் போய்விடுகிறது. மறுபடி கழற்றி, இரண்டு விரற்கடை முன்னால் தள்ளினேன். எந்த நிலையில் அதிகம் சுடப்போகிறோமோ அந்த நிலையில் படுத்துத்தான் அளக்க வேண்டுமாம்.

9 மடங்கில் வைத்ததும் குறுக்குக் கோடு டார்கெட் முழுக்க அலைந்தது. அது நடுவைக் கடக்கும் நொடியில் டிரிகரைப் பிடுங்கத் தோன்றியது. பிடுங்கினால் குறி தப்பியது. 4 மடங்கில் அதே நடுக்கம் இருக்கத்தான் செய்தது, கண்ணை மட்டும் உறுத்தவில்லை. இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. தலையைக் கொஞ்சம் அசைத்தால் கோடும் டார்கெட்டின் மேல் நகர்ந்தது. கோடு இப்படி நகராமல் இருக்க, பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்கோ அதற்கு மேலோ பொருந்தும்படி அமைத்திருப்பார்கள், ரிம்ஃபயருக்கானவற்றை 50 கஜத்தை ஒட்டி. நாங்கள் சுடப்போவதோ 25 மீட்டரில். கடைசியில் அவர்களுடைய அலமாரியில் இருந்த, ரிம்ஃபயருக்கான பழைய நிலையான 4 மடங்கு ஸ்கோப்பையே மாட்டிக்கொண்டேன்.

வகுப்பு நாளில் வந்த இடி வேறு. நான் கொண்டுபோன ஸ்லிங், தோளில் மாட்டி நடக்க வசதியான அகலமான ரப்பர் வார். பயிற்சியாளர் அதை ஒரு தடவை இழுத்தார், அது நீண்டது. “இது தூக்கிட்டுப் போறதுக்கு” என்று சுருட்டி என் பையில் வைத்துவிட்டு, கெட்டியான பருத்தி வார் ஒன்றைக் கொடுத்தார். அதை வளையமாக்கி இடது மேற்கையில், தோளுக்கு அருகே ஏற்றி இறுக்க வேண்டும். முன்கை வாரின் உள்ளே சுற்றி வந்து கட்டையைத் தாங்கும், முழங்கை துப்பாக்கிக்கு அடியில் வரும். சரியாக அமைந்தபோது கையைத் தளர்த்தினாலும் துப்பாக்கி இறங்கவில்லை. ஸ்கோப்பைப் பற்றி நூற்றைம்பது பக்கம் படித்தும் தராத அமைதியை அந்த நாடா தந்தது. ஆனால் கோடு டிக் டிக்கென்று மேலும் கீழும் துடித்தது. என் நாடி! வாரை இன்னும் மேலே ஏற்றி, கொக்கியைக் கையின் வெளிப்பக்கம் திருப்பியதும் அடங்கியது.

குறியைச் சரிசெய்யும்போது ஐந்து ரவையும் நடுவுக்கு 3 சென்டிமீட்டர் கீழே, 2 சென்டிமீட்டர் வலப்பக்கம். கணக்கு சுலபம். ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்குக் கோணம் 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர், 25 மீட்டரில் 7.3. ஸ்கோப்பின் குமிழைத் திருப்பும்போது வரும் ஒரு கிளிக் அதில் கால் பங்கு, சுமார் 1.8 மில்லிமீட்டர். மேலே 16, இடப்பக்கம் 11 கிளிக். அடுத்த ஐந்தும் நடுவில் விழுந்தன.

மதியத்துக்குப் பிறகு குரூப், அதாவது தாளில் விழும் துளைக் கூட்டம், சிதற ஆரம்பித்தது. நானும் கிளிக், கிளிக் என்று துரத்திக்கொண்டே இருந்தேன். பயிற்சியாளர் வந்து கொடியைச் செருகச் சொன்னார், ஸ்கோப்பைப் பிடித்து லேசாக ஆட்டினார். ஆடியது. நான் முடுக்கிய வளையத் திருகு தளர்ந்திருந்தது. முடுக்கி, முதலிலிருந்து குறி பார்த்து, மாலைக்குள் ஒரு குரூப் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

இடது கையில் வார் பதிந்த சிவப்புக் கோடு மறைய மூன்று நாள் ஆனது. ரப்பர் வார் வீணாகவில்லை, பாயைச் சுருட்டிக் கட்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது.