நிலவில் துப்பாக்கி வெடிக்குமா? வைவாவில் நான் சறுக்கிய கேள்வி

எம்.எஸ்சி. இயற்பியல் வைவா (வாய்மொழித் தேர்வு) அதுவரை நன்றாகத்தான் போனது. கடைசியில் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "நிலவில் நின்று துப்பாக்கியால் சுட்டால் வெடிக்குமா?"

"ஆக்சிஜன் இல்லையே சார், வெடிக்காது" என்றேன், யோசிக்காமல்.

"அப்ப ராக்கெட் எப்படிம்மா எரியுது?"

அதோடு வாயடைத்துப் போனேன். தீபாவளிப் பட்டாசுக்கு மருந்து கலப்பவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். பழைய துப்பாக்கிகளின் கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்). எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்றைய தோட்டாக்களில் மருந்தாக உள்ள நைட்ரோசெல்லுலோஸும் அப்படித்தான், மூலக்கூறிலேயே ஆக்சிஜன். தோட்டாவும் மூடிய கூடு. வெளியே காற்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இந்த மாதிரிக் கேள்விக்குத் தயாராகிறவர்கள் "வெடிக்கும்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கேள்வி உந்தத்தில்தான் (நிறை × வேகம்) வரும். 8 கிராம் குண்டு, நொடிக்கு 400 மீட்டர்: உந்தம் 3.2 கிலோகிராம்-மீட்டர்/நொடி. விண்வெளியில் மிதப்பவர் உடையோடு 150 கிலோ என்றால் பின்னோக்கி நொடிக்கு 2 சென்டிமீட்டர்தான் நகர்வார். சினிமாவில் போலத் தூக்கி எறியப்பட மாட்டார். ஆனால் தோளில் வைத்துச் சுட்டால் விசை நிறை மையத்தின் வழியாகப் போகாது. மெல்லச் சுழல ஆரம்பிப்பார். இதைச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வெப்பத்தை மறந்துவிடாதீர்கள். காற்று இல்லாததால் சூடான குழல் கதிர்வீச்சால்தான் ஆற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். சாதாரண மசகெண்ணெயும் வெற்றிடத்தில் மெல்ல ஆவியாகும். சத்தம் காதுக்கு வராது. கையில் அதிர்வு மட்டும் தெரியும்.

இதெல்லாம் வெறும் கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். சோவியத்தின் சல்யூட் 3 விண்வெளி நிலையத்தில் ஒரு பீரங்கியே இருந்தது. 1975 ஜனவரியில், உள்ளே ஆள் இல்லாத நேரத்தில், தரையிலிருந்து இயக்கிச் சுட்டுப் பார்த்தார்கள்.

அப்புறம் ஒரு விரிவுரையாளர் நேர்முகத்தில் இதே கேள்வி வேறு வேஷத்தில் வந்தது: "நிலவில் சுட்ட குண்டு ஒரு சுற்றுச் சுற்றி நம் முதுகிலேயே படுமா?" தரையை ஒட்டிச் சுற்றவே நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேண்டும். சாதாரண ரைபிள் குண்டுக்கு 0.9-ஐ ஒட்டித்தான் இருக்கும். சாய்த்துச் சுட்டால் 500 கிலோமீட்டர் தாண்டி விழும், அவ்வளவுதான். சாக்பீஸைக் கேட்டு வாங்கிப் பலகையில் போட்டுக் காட்டினேன்.